பெயரற்ற துயரும் பெயரிடும் உரிமையும்

தமிழ் அகப்பொருள் மரபிலே ‘அறத்தொடு நிற்றல்’ என்றொரு துறை உண்டு. களவொழுக்கத்தில் நிற்கும் தலைவி தன் உள்ளத்திலிருப்பதைத் தோழிக்கு வெளியிடுவாள்; தோழி அதனைச் செவிலிக்குக் கூறுவாள்; செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையருக்கும் உணர்த்துவர். ஒரு பெண்ணின் மனத்துள்ளே அடைபட்டுக் கிடந்த செய்தி, பெண்கள் பலரின் வாய்வழியாக நடந்து, முடிவெடுக்கும் ஆற்றல் படைத்த ஆடவரின் செவியை அடைவதற்கான வழியை இலக்கணகாரர் இவ்வாறு ஒழுங்குபடுத்தி வைத்தனர். இவ்வெளிப்படுத்தலைக் குறிக்க ‘அறம்’ என்ற சொல்லை அவர்கள் தேர்ந்தமை சிந்தனைக்குரியது. நாணமும் மடமும் பெண்ணுக்கு அணி எனக் கருதிய ஒரு சமூகமே, சொல்ல வேண்டிய வேளையிற் சொல்லிவிடுதலை அறத்தின் பக்கம் நிற்றல் எனவும் கொண்டது.

இத்துறையோடு அடுத்து வைத்து நோக்கத்தக்கது வெறியாட்டு. தலைவி மெலிகின்றாள், வளை கழல்கின்றது, மேனியிற் பசலை படர்கின்றது. தாய் காரணம் அறியாள். மகளை முருகு அணங்கியதென எண்ணி வேலனை அழைக்கின்றாள். களம் இழைத்து, மறியறுத்து, வெறியாடல் நிகழ்கின்றது. இங்கே யாரும் பொய் கூறவில்லை. தாய் மகள்பால் அன்புடையவள். வேலனோ தன் தொழிலைச் செய்கின்றான். ஆயினும் அப்பெண்ணின் உடல் சொல்லும் செய்தி அவர்கள் இருவராலும் தவறாகவே வாசிக்கப்படுகின்றது. ஏனெனில் அவர்களிடம் உள்ள விளக்கம் அணங்கு என்ற ஒன்றுதான். குறுக்கே வந்து உண்மையை உணர்த்துபவள் தோழி. தோழி இல்லாத தலைவியை அகப்பாடல்களிற் காண்பது அரிது என்பதன் பொருள் இப்போது தெளிவாகின்றது. பெண் தன் அனுபவத்தை உரிய பெயரால் அழைப்பதற்கு, அதனை அவ்வாறே ஏற்றுக் கேட்கும் இன்னொரு பெண் வேண்டும்.

ஆயின் இம்மரபின் எல்லையும் மறைக்கற்பாலதன்று. அறத்தொடு நிற்றல் வழியாகச் செல்லக்கூடிய செய்தி ஒன்றே: தலைவனொடு கொண்ட காதல், அது சென்றடையும் முடிவும் ஒன்றே: திருமணம். கொண்ட கணவனின் கொடுமை, உழைத்த கூலி தன் கைக்கு வராமை, பணியிடத்திலே மேலாளனின் கைநீட்டல் முதலியவற்றுக்கு அங்கே துறையில்லை. துறையில்லாத துயர் எங்கே போகும்? பெண்கள் தமக்குள்ளே கூடிப் பேசியும் எழுதியும் வாசித்தும் அதற்கொரு வழி சமைத்துக்கொள்வார்களாயின், அதனை வெறும் ஆறுதல் என்பதா, ஆற்றல் என்பதா? இவ்வினாவே ஈண்டு ஆராயப்படுவது.

இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடைகள் இரண்டு. பெண்களின் பேச்சு அடுப்படிப் பேச்சு. பேசிக் கலைந்தபின் உலகம் இருந்தவாறே இருக்கும் என்பது ஒன்று. ‘ஊர்வம்பு’ என்ற சொல்லைப் பெண்களின் உரையாடலோடு பிணைத்துவைத்த பழக்கமும் இவ்விடையின் பாற்பட்டதே. வாய் திறந்த கணமே விலங்கு அறுந்துவிடும் என்பது மற்றையது. இது மேடைகளிற் பெரிதும் விரும்பப்படுவது. முதலாவது விடையில் அலட்சியமும் இரண்டாவதில் அவசரமும் இருக்கின்றன. பேச்சு எவ்வாறு ஆற்றலாகின்றது, எவ்விடத்து ஆகாமற் போகின்றது என்பதை இரண்டுமே ஆராய்வதில்லை. ஓர் உண்மை நிகழ்ச்சியை எடுத்து நோக்குதல் பயன் தரும்.

ஐக்கிய அமெரிக்காவிலே, நியூயோர்க் மாநிலத்து இத்தாக்கா நகரின் பல்கலைக்கழகமொன்றில் கார்மிற்றா வூட் என்ற பெண் எட்டாண்டுகள் அலுவலகப் பணியாற்றினார். அவர் நாற்பதைக் கடந்த ஒரு தாய். அங்கிருந்த பேராசிரியர் ஒருவர் அவரை உரசிச் செல்வதும், தொடுவதும், ஆபாசமான சைகை காட்டுவதும் வழக்கமாயின. அவரைத் தவிர்க்க அப்பெண் மின்தூக்கியை விட்டுப் படிகளில் ஏறி இறங்கினார். நாளடைவில் கழுத்திலும் கையிலும் தீராத வலி கண்டது. வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டார், கிடைக்கவில்லை. 1974இல் வேலையை விட்டார். பின்னர் வேலையற்றோருக்கான உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்தபோது, பணியிலிருந்து விலகிய காரணத்தைக் குறிக்குமாறு படிவம் கேட்டது. என்ன எழுதுவது? நடந்தது அவருக்குத் தெரியும். உடலே அதற்குச் சாட்சி. ஆனால் நடந்ததற்கு ஒரு பெயரில்லை. அவமானமும் குழப்பமும் மேலிட, தனிப்பட்ட காரணங்கள் என்றே அவர் கூற நேர்ந்தது. தனிப்பட்ட காரணத்துக்காக வேலையை விட்டவருக்கு உதவிப்பணம் இல்லை என விண்ணப்பம் தள்ளப்பட்டது.

வெறியாட்டுக் களத்துத் தலைவிக்கும் இப்பெண்ணுக்கும் இடையே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. எனினும் மெலிந்த உடலும் வலிக்கும் கழுத்தும் ஒரே வகையிற் பேசுகின்றன. ஒரே வகையிற் பிழையாக வாசிக்கப்படுகின்றன. அங்கே அணங்கு என்றனர். இங்கே தனிப்பட்ட காரணம் என்றனர்.

அதே காலத்தில் அப்பல்கலைக்கழகத்திலே லின் பார்லி என்பவர் பெண்களும் தொழிலும் பற்றிய வகுப்பொன்றை நடத்திவந்தார். வகுப்பிலிருந்த பெண்கள் தத்தம் வேலை அனுபவங்களைக் கூறத் தொடங்கியபோது எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. வேறு வேறு இடங்களில் வேறு வேறு வேலை பார்த்த அவர்களுட் பெரும்பாலோர், ஆடவரின் இத்தகைய நடத்தையினாலே ஒரு தடவையாவது வேலையை விட்டிருந்தனர், அல்லது இழந்திருந்தனர். ஒவ்வொருவரும் அதனைத் தனக்கு மட்டும் நேர்ந்த கெடுவாய்ப்பு என்றே எண்ணியிருந்தனர். கார்மிற்றா வூட் உதவி நாடி வந்தபோது இப்பெண்கள் ஒன்றுகூடிச் செயற்படத் தீர்மானித்தனர். பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்டுவதற்கான அறிவித்தலை எழுத முனைந்தபோதுதான் எதனைப் பற்றிய கூட்டம் என்பதைக் குறிக்கச் சொல்லில்லை என்பது புலனாயிற்று. அச்சுறுத்தல், வற்புறுத்தல், சுரண்டல் எனப் பல சொற்கள் எடுத்து எடுத்து வைக்கப்பட்டன. ஒன்றும் முழுதும் பொருந்தவில்லை. நுட்பமானதும் அப்பட்டமானதுமாகிய நடத்தைகள் அனைத்தையும், அவை ஓயாது தொடர்வதையும் ஒருங்கே சுட்டும் சொல் தேவைப்பட்டது. இறுதியில் அமைந்த தொடரே இன்று உலகெங்கும் வழங்கும் ‘பாலியல் துன்புறுத்தல்’ என்பதன் ஆங்கில மூலம். 1975 மே மாதத்தில் இத்தாக்காவில் நடந்த கூட்டத்திற் பெண்கள் பலர் எழுந்து தத்தம் அனுபவத்தை வெளிப்படையாகக் கூறினர்.

அதன்பின் அச்சொல் தானே நடந்தது. கதறின் மக்கினன் 1979இல் அதனைச் சட்டவியல் நோக்கில் ஆராய்ந்து நூலெழுதினார். 1986இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் அது பால்வழிப் பாரபட்சத்தின் பாற்பட்டது என ஏற்றது. இலங்கையிலே 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தினால் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது 345ஆம் பிரிவில் அது குற்றமாக இடம்பெற்றது. இருபதே ஆண்டுகளில், சில பெண்கள் ஓர் அறையிலே தேடிக் கண்ட சொல், கடல் கடந்து வந்து சட்டமாயிற்று. ஆயின் ஒன்று குறிப்பிடப்படல் வேண்டும்: கார்மிற்றா வூட் தாம் செய்த மேன்முறையீட்டில் வெற்றி பெறவில்லை.

மெய்யியலாளர் மிராண்டா பிரிக்கர் 2007இல் வெளியிட்ட நூலில் இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி ஒரு கருத்தை நிறுவுகின்றார். அறிவோடு தொடர்புடைய அநீதிகள் இருவகை. ஒருவர் கூறுவதை, அவர் இன்னார் என்பதனாலேயே நம்பாது விடுதல் ஒன்று. இதனைச் சான்றுரைசார் அநீதி எனலாம். தன் அனுபவத்தைத் தனக்குத்தானே விளங்கிக்கொள்ளவும் பிறர்க்கு விளக்கவும் வேண்டிய கருத்துச் சாதனம் சமூகத்தில் இல்லாதிருத்தல் மற்றையது. இது விளக்கம்சார் அநீதி. இரண்டாவதைப் பற்றி உடனே ஓர் ஐயம் எழும். சொல் ஒன்று இல்லாதிருத்தலை அநீதி என்று எவ்வாறு கூறலாம்? அது வெறுமனே ஒரு குறைபாடுதானே? கடலாழத்தின் உயிரினம் ஒன்றுக்குப் பெயரில்லை என்பதற்காக எவரும் நீதி கேட்பதில்லை.

இவ்வையத்துக்கு விடை, சொற்கள் எங்கே ஆக்கப்படுகின்றன என்பதிற் கிடைக்கின்றது. சட்டமன்றம், நீதிமன்றம், பத்திரிகை, மருத்துவம், கல்விக்கழகம் ஆகியவையே பொதுவாழ்வின் சொற்களைச் சமைக்கும் உலைக்களங்கள். நெடுங்காலம் இவற்றின் வாயில்கள் பெண்களுக்கு அடைபட்டிருந்தன. பெயரில்லாத அனுபவத்தால் இருவரும் ஒருங்கே அறியாமையில் ஆழ்ந்திருந்தனர் என்பது உண்மை; அப்பேராசிரியரும் தாம் செய்ததற்குப் பெயரறியார். ஆயின் அவ்வறியாமை அவருக்கு வசதி, அப்பெண்ணுக்கு வேலையிழப்பு. இழப்பு முழுவதும் ஒரு பக்கத்திலேயே விழும்போது, அக்குறைபாடு தற்செயலானதன்று. ஜோன் ஸ்ருவேட் மில் 1869இல் பெண்ணடிமை பற்றி எழுதியபோதே, பெண்கள் தாம் கூற வேண்டியதைத் தாமே கூறும்வரை ஆடவர் அவர்களைப் பற்றிக் கொண்டுள்ள அறிவு குறையுடையதே என்று எடுத்துக்காட்டினார். மில் கூறாது விட்டது யாதெனின், தனித்து நிற்கும் பெண்ணுக்குத் தன்னைப் பற்றிய அறிவும் குறையுடையதாகவே இருக்கும் என்பது. கார்மிற்றா வூட்டுக்குத் தமக்கு நடந்தது தெரியும். அது என்னவென்பதைப் பிறரோடு சேர்ந்தே அறிந்தார்.

ஆகவே பெண்களின் கூட்டம் தருவது துணிவு மட்டுமன்று, அறிவும் ஆகும். ‘எனக்கும்’ என்று இரண்டாமவள் கூறும்போது முதலாமவளின் அனுபவம் தன்மை மாறுகின்றது. விதி என நினைத்தது வழக்கமாகத் தெரிகின்றது. வழக்கம் என்றால் அதனை நடத்துவோர் உளர். நடத்துவோர் உளரெனின் நிறுத்தவும் கூடும். ஹனா ஆரென்ற் 1970இல் வெளிவந்த நூலில் ஆற்றல் என்பது தனியொருவரின் உடைமையன்று, கூடிநிற்கும் மக்களிடையே தோன்றி அவர்கள் கூடிநிற்கும்வரை மட்டும் நிலைப்பது என்று வரையறுத்தார். அவர் பெண்களை மனத்திற்கொண்டு அதனைக் கூறவில்லை. எனினும் துப்பாக்கியும் பணமும் பதவியும் இல்லாதவர்களின் ஆற்றலை விளங்கிக்கொள்ள அவ்வரைவிலக்கணமே பெரிதும் துணைசெய்கின்றது.

இவ்வளவில் நின்றுவிடின் பாதி உண்மையே கூறப்பட்டதாகும். யப்பானிலே 1911 செப்ரெம்பரில் ஹிரற்சுகா ரைச்சோ என்ற இளம்பெண்ணும் அவருடைய தோழியரும் ‘செய்ற்றோ’ என்ற இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கினர். முதலீடு எங்கிருந்து வந்தது? மகளின் திருமணத்துக்கெனத் தாய் ஒதுக்கி வைத்திருந்த பணத்திலிருந்து. அச்சஞ்சிகையிற் பெண்கள் கற்பு, கருச்சிதைவு, பரத்தைமை என்பன பற்றித் தமக்குள் வாதிட்டனர். சில இதழ்கள் அரசாற் தடைசெய்யப்பட்டன. 1916இல் அது நின்றது. பெண்கள் அரசியற் கூட்டங்களில் அமர்வதற்கே அந்நாட்டில் 1900ஆம் ஆண்டின் சட்டம் தடைவிதித்திருந்தது. அத்தடை 1922இல்தான் தளர்ந்தது. வாக்குரிமை 1945வரை வரவில்லை.

அதே 1911ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கென ஒரு கட்டளைச்சட்டம் ஆக்கப்பட்டது. மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என அது விதித்தது. சீதனமாக வந்த காணியும் இதற்கு விலக்கன்று. ஒரு தாய் மகளின் திருமணப் பணத்தை அச்சகத்துக்குக் கொடுத்த ஆண்டும், மகளின் காணிக்குக் கணவனின் கையெழுத்து வேண்டுமென எழுதப்பட்ட ஆண்டும் ஒன்றாயிருப்பது தற்செயலே. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது, பேசுவதற்கும் பணம் வேண்டும், பணத்தின்மேல் உரிமையும் வேண்டும் என்பது தெளிவாகும். சொந்த வருவாய் இல்லாத பெண்ணின் எழுத்து, பிறர் இடும் பிச்சையில் வாழும் எழுத்தாகிவிடும்.

இவ்விடத்து மார்க்சிய நோக்கினர் எழுப்பும் மறுப்பு வலியது. கற்ற பெண்கள் வட்டமாக அமர்ந்து தம் மனக்குறைகளுக்குப் பெயர் தேடுவதால், மலைச்சரிவிற் கொழுந்து பறிப்பவளுக்கு என்ன வந்தது? இலங்கைப் பெருந்தோட்டங்களிலே ஆணைவிடப் பெண்ணுக்குக் குறைந்த நாட்கூலி என்ற முறை தலைமுறை தலைமுறையாக நிலவியது. மலையிற் பெண் மாலைவரை நிற்க, ஆண் தன் வேலையை முன்னரே முடித்துத் திரும்புவதும் வழக்கம். இக்கூலி வேற்றுமை 1984இல் ஒழிக்கப்பட்டது. ஒழித்தது எச்சஞ்சிகையுமன்று; தொழிற்சங்கப் போராட்டம். இதனை மறுப்பதற்கில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சமமாக்கப்பட்ட அக்கூலியைச் சம்பள நாளிற் பெற்றுக்கொண்டவர் யார்? மனைவியின் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ கைநீட்டி வாங்குவது தோட்டங்களில் நெடுங்காலம் இருந்துவந்த வழக்கம். கணக்கில் அவள் பெயர். காசு அவன் சட்டைப்பையில். இது களவு என எவரும் கூறவில்லை. ‘வீட்டு வழக்கம்’ என்றனர். வேலைநிறுத்தத்திற் பெண்கள் பெருந்தொகையாக நின்றனர். ஆயின் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆடவர். கூலியின் அளவு கோரிக்கையாயிற்று. கூலி எவர் கையிற் சேர்வது என்பது கோரிக்கையாகவில்லை. அதாவது, மலையிலும் ஒரு வட்டம் தேவைப்பட்டது. எழுத்தறியாப் பெண்கள் லயத்து வாசலிற் கூடினாலும் அது வட்டமே. கற்றவர்களின் வட்டம் அவளுக்குப் பயன்படவில்லை என்பதனால், வட்டமே பயனற்றது என்றாகாது.

இன்னொரு குறையும் உண்டு. இது வட்டத்தின் உள்ளிருந்தே பிறப்பது. அமெரிக்கப் பெண்விடுதலை இயக்கத்தைச் சேர்ந்த ஜோ பிறீமன் 1970களின் தொடக்கத்திலே, தலைமையும் விதியும் இல்லாக் குழுக்களைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் வாசிக்கத்தக்கது. தலைமை இல்லையென்று கூறும் குழுவிலும் தலைமை இருக்கும். நட்பினாலும் பேச்சு வன்மையினாலும் சிலர் முன்னிற்பர். தேர்ந்தெடுக்கப்படாதமையால் அவர்களை நீக்கவும் வழியிராது என்பது அவரது வாதம். இதனோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். புதிதாகக் கண்ட சொல்லும் காலப்போக்கில் ஒரு துறையாகிவிடும். அத்துறையில் அடங்கும் துயருக்குக் கைதட்டலும் அடங்காத துயருக்கு ஐயப்பார்வையும் கிடைக்கத் தொடங்கும். கணவனை வெறுக்காமலே கணவனால் வருந்தும் பெண், வழிபாட்டை விடாமலே வழிபாட்டிடத்து ஒதுக்கப்படும் பெண் என்போர், வட்டத்துள்ளும் தம் அனுபவத்தின் பாதியை வெளியே வைத்துவிட்டு வர நேரும். தோழியும் சிலவேளை வேலனாகிவிடுவாள்.

இவ்விருவகை இடர்களும் ஒருங்கே முற்றிய சூழலில் இலங்கைத் தமிழ்ப் பெண்களின் வட்டமொன்று இயங்கியது. 1986இல் யாழ்ப்பாணத்திற் பெண்கள் ஆய்வு வட்டம், பத்துப் பெண்களின் கவிதைகளைத் தொகுத்துச் சித்திரலேகா மௌனகுருவின் முன்னுரையோடு வெளியிட்டது. தொகுப்பின் பெயர் ‘சொல்லாத சேதிகள்’. தாய், மனைவி, போராளியின் சகோதரி என்று பிறர் வகுத்த பாத்திரங்களிலே பேசப் பழக்கப்பட்டிருந்த பெண்கள், போர்க்காலத்தின் நடுவே தம் குரலிற் பேசினர். தனித்தனியே எழுதியவற்றுக்கு இல்லாத ஒரு வலிமை, ஒரே அட்டைக்குள் வந்தபோது அவற்றுக்கு ஏற்பட்டது. ஈழத்தில் மட்டுமன்றித் தமிழ்நாட்டிலும் பின்வந்த பெண் கவிஞர்கள் அத்தொகுப்பைத் தம் முன்னோடியாக எண்ணுவது இதனாலேயே.

ஆயின் அவ்வலிமை அவர்களைக் காத்ததா? அக்காலப் பெண் கவிஞர்களுள் ஒருவரான செல்வி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி. 1991 ஓகஸ்ட் மாதத்திற் தமிழீழ விடுதலைப் புலிகளாற் பிடித்துச் செல்லப்பட்டார், மீளவில்லை. அவருக்குச் சர்வதேச எழுத்தாளர் அமைப்பின் விருது அறிவிக்கப்பட்டபோதும் அதனைப் பெற அவர் வரவில்லை. அவருக்குச் சில மாதங்களுக்கு முன், அதே ஆண்டு மே மாதத்தில், இன்னொரு கவிஞரான சிவரமணி தன் கைக்கெட்டிய கவிதைகளையெல்லாம் எரித்தபின் தன் உயிரையும் முடித்துக்கொண்டார். சொல்வதற்கு வட்டம் இருந்தது, சொல்லும் இருந்தது. வெளியே, கேட்க மறுத்த அதிகாரம் துப்பாக்கியோடு நின்றது. பேச்சு வலிமையற்றது என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் உளர். வலிமையற்ற ஒன்றை அடக்குவதற்குத் துப்பாக்கி எதற்கு என்ற வினாவுக்கு அவர்கள் விடை கூறுவதில்லை.

சிவரமணியின் கவிதைகள் முற்றாக அழிந்துபோகவில்லை. நண்பர்களிடமும் சஞ்சிகைகளிலும் எஞ்சியிருந்தவை பின்னர் சேர்க்கப்பட்டு நூலாக வெளிவந்தன. எழுதியவரே தன் கையால் எரித்ததைப் பிறர் அச்சேற்றுதல் முறையா என்ற வினா இங்கே எழாமற் போகாது. எளிதில் விடை கூறக்கூடிய வினாவன்று அது. தன் சொல்லை அழிக்கும் உரிமை எழுதியவளுக்கு உண்டு. அதனை மறுப்பது, வாழ்நாளெல்லாம் அவளுக்கு மறுக்கப்பட்ட உரிமைகளோடு இன்னொன்றையும் சேர்ப்பதாகும். ஆயின் அவள் அச்சொல்லைத் தனித்திருந்து எழுதி வைத்தவளல்லள்; தோழியர்க்குக் கொடுத்தவள். கொடுத்த சொல் அவர்களுடைய அனுபவத்துக்கும் பெயராகிவிட்டது. தங்கள் துயரைத் தாங்கள் அறிந்துகொண்ட சொல்லை அவர்கள் எவ்வாறு எரிப்பார்கள்? அவளிடமிருந்த பிரதிகள் சாம்பலாயின, அவர்களிடமிருந்தவை அச்சாயின.